கௌதாரி கறி தின்னுமா?

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



"கௌதாரிக் கறி தின்றிருக்கிறாயா?" என்று கேட்டால் நம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் பதில் சொல்லாமல் சிரிப்பார்கள். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வேட்டையாடுவது குற்றம். அதனால்தான் அந்தச் சிரிப்பு. அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, "கௌதாரி கறி தின்னுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், கேண்டீனிலும் கேட்டேன். "அது எங்கேப்பா கறி தின்னும்? புல்விதை, தானியம் பொறுக்குகிற பறவை" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மயிலைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். "சாமி வாகனம், சுத்த சைவம்" என்று சத்தியமே பண்ணுகிறார்கள்.

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர்கள், "நீ மெக்கானிக்கல் பையன், என்ஜின் பற்றி ஏதாவது எழுதேன்" என்றார்கள். எழுதுகிறேன். கட்டுரையின் நடுவில் ஒரு அரவை மிஷின் வருகிறது. அது கோழியின் வயிற்றுக்குள் இருக்கிறது!

மயிலும் பாம்பும்

எங்கள் ஊர் கெலமங்கலம். மூன்று பாஷை பேசுகிற ஊர். ஒரே பறவையைத் தமிழ் வீட்டில் மயில் என்பார்கள், தெலுங்கு வீட்டில் நெமலி, கன்னட வீட்டில் நவிலு. ஆனால் தக்காளி நாற்றைக் கொத்திப் போட்டுவிட்டுப் போன அன்றைக்கு மூன்று வீட்டிலும் திட்டு ஒரே மாதிரிதான் இருக்கும்.

மயில் தானியம் தின்னும், நிலக்கடலை தின்னும், பழம், மொக்கு, இளந்தளிர் எல்லாம் தின்னும். அது நமக்குத் தெரிந்த பாதி. மீதிப் பாதி இது: வெட்டுக்கிளி, வண்டு, கறையான், எறும்பு, ஓணான், தவளை, சுண்டெலி, சின்னப் பாம்பு. முருகன் படத்தில் மயிலின் காலடியில் பாம்பு கிடக்கிறதே, அது ஓவியர் அழகுக்காகப் போட்டது இல்லை. வயல்வெளியில் பார்த்தவன் எவனோ ஒருவன்தான் அதை முதலில் வரைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். "மயில் இருந்தால் நல்ல பாம்பையே தின்றுவிடும்" என்று ஊரில் பேசுவதை அப்படியே நம்ப வேண்டாம். பருந்து, கழுகுக்கு வளைந்த கொக்கி மூக்கும், பிடித்துக் கிழிக்கிற நகமும் உண்டு. பெரிய இரையைத் துண்டு துண்டாகப் பிய்த்து அவை தின்னும். மயிலின் அலகு பொறுக்குவதற்கு ஏற்ற அலகு, கிழிக்கிற ஆயுதம் இல்லை. கொத்திக் கொத்தி, உதறி, அடித்து, கடைசியில் முழுசாகத்தான் விழுங்க வேண்டும். ஆகவே தொண்டைக்குள் எது நுழையுமோ அதுவே அதற்கு இரை. குட்டிப் பாம்பு நுழையும். ஐந்தடி நாகத்தைக் கண்டால் கூட்டமாய்ச் சுற்றி நின்று கத்தும், அவ்வளவுதான். இந்தத் 'தொண்டை அளவு' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மயிலுக்கு மட்டும் இல்லை, கௌதாரி, காடை, காட்டுக்கோழி, வீட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பறவைகள்.

வீட்டிலேயே ஆதாரம் வேண்டுமா? ராகித் தாள் போரைப் பிரிக்கிற அன்றைக்கு எங்கள் அவ்வா வளர்க்கும் கோழிகளைப் பார்க்க வேண்டும். போரின் அடியில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் சிவப்பாக உருண்டு விழும். தாளை இழுக்கிறவன் கை நகர்வதற்குள் ஒரு பெட்டை தூக்கிக்கொண்டு ஓடும், பின்னால் ஏழெட்டுக் கோழி துரத்தும். ஓடுகிறது எலிக்குஞ்சை நிறுத்தித் தின்னாது, ஓடிக்கொண்டே விழுங்கிவிடும். பூரான், தேள், ஓணான் குட்டி எதையும் அவை விடுவதில்லை. சைவக் கோழி என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

இந்த நாட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது பள்ளிப் புத்தகத்திலேயே உண்டு. ஆனால் 2008-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று இன்னொரு செய்தியைச் சொன்னது. கோழியின் கால் மஞ்சளாக இருக்கக் காரணமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம் அய்யூர், ஜவளகிரிக் காடுகளில் விடிகாலையில் கூவுகிற அதே பறவைதான். அந்தக் காடுகள் 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அங்கே யானை லத்தி விழுந்த இடத்தைக் காட்டுக்கோழி காலால் கிளறிக்கொண்டிருக்கும். லத்தியில் செரிக்காத விதையும் கிடைக்கும், புழுவும் வண்டும் கிடைக்கும். ஒரே இலையில் சோறும் கறியும்!

கௌதாரிக்கு வருவோம். வரப்பு ஓரம், முள்புதர், மானாவாரிக் காடு இதெல்லாம் அது வாழும் இடம். தெலுங்கில் கௌஜு பிட்ட என்பார்கள். விதை, தானியம் அதன் ஆகாரம் என்பது உண்மை. கறையானும் வண்டும் அதைவிடப் பிரியம் என்பதும் உண்மை. கறையான் புற்றின் ஓரத்தைக் கிளறி ஒன்றொன்றாய்ப் பொறுக்கும். எப்போதாவது குட்டிப் பாம்பையும் விழுங்கியதாகப் பறவை நூல்களில் பதிவு இருக்கிறது. ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் ஆயிற்று. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் சாயங்காலம் வெளியே வந்து பாருங்கள். மைனா, காக்கை, குருவி, பருந்து, கோழி எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். (நம் பக்கத்து வீடுகளில் ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து தின்கிற மனிதர்களும் உண்டு. நான் தின்றதில்லை. அவ்வா தின்றிருக்கிறார், ருசி என்கிறார்.)

இந்த விவரம் யாருக்கு முதலில் தெரியும் என்றால், வேட்டைக்காரர்களுக்குத்தான். பறவையைச் சுத்தம் பண்ணும்போது கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் திறந்தால் அன்றைக்கு அது என்ன தின்றது என்பது அப்படியே தெரிந்துவிடும். இந்தியாவின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று பாகமாக 1879 முதல் 1881 வரை வெளியான பெரிய நூலை மார்ஷல் என்பவரோடு சேர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸ் மகாசபை உருவாகக் காரணமாயிருந்தார் என்று பத்து மார்க் கேள்வியில் படித்தோமே, அதே ஹியூம்தான். நம்முடைய பறவை மனிதர் சாலிம் அலியும் சின்ன வயதில் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைப் பார்த்து 'இது என்ன குருவி?' என்று கேட்கப் போனதில்தான் பறவை ஆராய்ச்சிக்கு வந்தார்.

ஏன் தின்கிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் கணக்கு போடுவோம்.

கேழ்வரகில் புரதம் சுமார் 7 சதவீதம். அரிசியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிராய்லர் குஞ்சுக்கு முதல் வாரங்களில் போடுகிற தீவனத்தில் 22, 23 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். காடைக் குஞ்சுக்கு அதற்கும் மேலே. ஹைவேஸ் ஓரம் 'காடை வறுவல்' என்று போர்டு போட்டிருக்கிறார்களே, அது காட்டுக் காடை இல்லை. 1974-ல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடையின் வம்சம். பொரிக்கும்போது அந்தக் குஞ்சு 8 கிராம். 5 வாரத்தில் 180, 200 கிராம் ஆகிவிடும். இருபது மடங்குக்கு மேல்! நம் வீட்டில் 3 கிலோவில் பிறக்கும் குழந்தை இதே வேகத்தில் வளர்ந்தால் 5 வாரத்தில் 70 கிலோவில் வந்து நிற்கும்.

சதை மட்டுமா? இறகும் வளர வேண்டும். இறகு என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். நம் நகம், முடி செய்த அதே வகைச் சரக்கு. இவ்வளவையும் 7 சதவீதப் புரதம் உள்ள தானியத்தை மட்டும் தின்று உருவாக்க முடியாது. பண்ணையில் சோயாவும் கருவாட்டுத் தூளும் கலந்து சரிக்கட்டுகிறார்கள். கோழித் தீவன மூட்டையைத் திறந்தால் கருவாட்டு வாசம் அடிப்பது இதனால்தான். காட்டில் யார் தீவனம் கலந்து கொடுப்பார்கள்? பூச்சிதான் கதி.

ஆகவே கௌதாரி, காடை, காட்டுக்கோழிக் குஞ்சுகள் முதல் சில வாரம் ஏறக்குறைய முழு அசைவம். அப்புறம் வயது ஏற ஏறத் தானியத்துக்கு மாறும். சிட்டுக்குருவியும் அப்படியே. நம் வாசலில் அரிசி பொறுக்குகிற குருவி, கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு அரிசி கொண்டுபோகாது. பச்சைப் புழுவாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகும். தூக்கணாங்குருவி நெல் கதிரை உருவுகிற கூட்டம் என்று பெயர் வாங்கியது. அதுவும் குஞ்சுக்குப் புழு, வெட்டுக்கிளிதான் ஊட்டும். முட்டை இடுகிற பெட்டைக்கு இன்னொரு தேவையும் உண்டு. முட்டை ஓடு என்பது கிட்டத்தட்ட முழுக்கவே கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல் செய்த அதே பொருள். அதற்காக நத்தை ஓடு பொறுக்கித் தின்னும்.

எல்லாப் பறவையும் இப்படித்தானா என்றால், ஒரு நல்ல விதிவிலக்கு இருக்கிறது. புறா. குஞ்சுக்குக்கூடப் பூச்சி பிடித்துக் கொடுக்காத குடும்பம். அப்படியென்றால் புரதத்துக்கு என்ன வழி? தாயும் தகப்பனும், ஆமாம், தகப்பனும், தங்கள் தீனிப்பையின் உள் சுவரிலிருந்து தயிர் மாதிரி ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. புறாப்பால் என்று பெயர். புரதமும் கொழுப்பும் நிறைந்தது. நம் அம்மாக்களுக்குப் பால் சுரக்கக் காரணமான புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் அங்கேயும் வேலை செய்கிறது. பூச்சி வேண்டாம் என்று சொல்கிற பறவை, உடம்பிலேயே ஒரு பால் பண்ணை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது!

வயிற்றுக்குள் ஒர்க் ஷாப்

சொன்னபடி மிஷினுக்கு வந்துவிட்டேன். பறவைக்குப் பல் கிடையாது. பல் கனமான பொருள், பறக்கிற உடம்பில் தலைப்பக்கம் கனம் கூடாது. அதனால் அரவை வேலையை உடம்பின் நடுவுக்குத் தள்ளிவிட்டது. தின்றது முதலில் தீனிப்பையில் ஸ்டாக் ஆகும். அங்கிருந்து அமிலம் சுரக்கிற முதல் இரைப்பைக்குப் போகும். அதன் பிறகு அரைவைப்பை. நம் ஊர்க் கறிக்கடையில் 'கந்தனகாய்' என்று தெலுங்கில் கேட்டு வாங்குகிறோமே, கெட்டியாக, கடிக்க மொறுமொறு என்று இருக்கிற பாகம், அதுதான். சுற்றிலும் கெட்டித் தசை, உள்ளே தடித்த தோல், அதற்குள் பறவை விழுங்கி வைத்த சின்னச் சின்னக் கற்கள். சிமென்ட் ஆலையில் இரும்புக் குண்டுகளைப் போட்டுச் சுழற்றி அரைக்கிற பால் மில் படித்தோம் அல்லவா? அதே தத்துவம். குண்டுக்குப் பதில் கூழாங்கல். மோட்டாருக்குப் பதில் தசை.

எவ்வளவு பலம் என்று பார்க்க 18-ம் நூற்றாண்டில் இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பாலன்சானி ஒரு முரட்டுப் பரிசோதனை செய்தார். ஈய உருண்டையில் ஊசிகளைச் செருகி வான்கோழிக்கு விழுங்கக் கொடுத்தார். பிறகு அறுத்துப் பார்த்தபோது ஊசிகள்தான் உடைந்திருந்தன, அரைவைப்பைக்குக் காயம் இல்லை. (வான்கோழியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ.) அப்படிப்பட்ட மில்லில் வண்டின் ஓடும், எலியின் எலும்பும் எம்மாத்திரம்?

எனக்கு இதைவிடப் பிடித்தது ஜப்பானியக் காடையில் செய்து 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. நார் அதிகமான தீனி போட்டால் காடையின் அரைவைப்பை சில நாட்களிலேயே பெரிதாகிறது. பழைய தீனிக்கு மாற்றினால் மறுபடி சிறிதாகிறது. திரும்பத் திரும்பச் செய்தாலும் அப்படியே. லோடுக்குத் தகுந்தபடி தன் சைஸையே மாற்றிக்கொள்கிற மிஷின்! நம் லேப்பில் அப்படி ஒன்று இருந்தால் வைவாவில் யாரும் மாட்ட மாட்டோம். புழு சீசனில் புழுவுக்கும், விதை சீசனில் விதைக்கும் ஒரே பறவை எப்படி ஈடு கொடுக்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

வெளியூர்க் கதைகள் சில

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீச்சான் என்று மைனாவைவிடச் சின்னப் பறவை. வேலி முள்ளில் வெட்டுக்கிளி, ஓணான் குட்டியைக் குத்தித் தொங்கவிட்டுத் தின்னும். இங்கிலீஷ்காரர்கள் அதற்குக் கசாப்புக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கரன்ட் கம்பியில் உட்காரும் பனங்காடைக்குப் பெயரில்தான் காடை, காடைக் குடும்பமே இல்லை. பெரிய பூச்சி, தேள், தவளை அதன் சாப்பாடு. (இது கர்நாடகத்துக்கும் மாநிலப் பறவை, தெலுங்கானாவுக்கும் மாநிலப் பறவை. எல்லையில் இருக்கிற நமக்கு மூன்றில் இரண்டு பங்கு சொந்தம்.) ஹங்கேரி நாட்டுக் குகை ஒன்றில், நம் மலைகளில் இருக்கிற பட்டாணிக் குருவியின் நெருங்கிய சொந்தக்காரக் குருவி, பனிக்காலத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் சின்ன வௌவால்களைத் தேடிப் பிடித்துத் தின்பதாக 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அந்தக் குருவியின் எடை 20 கிராம்கூட இல்லை!

நியூசிலாந்தில் கியா என்று ஒரு மலைக்கிளி. கிளி என்றால் கொய்யாப்பழம்தானே நமக்கு ஞாபகம் வரும்? இது உயிரோடு நிற்கிற செம்மறி ஆட்டின் முதுகில் ஏறிக் கொத்திக் கொழுப்பைத் தின்றது. ஆடு வளர்ப்பவர்கள் கொதித்துப் போனார்கள். அரசாங்கமே ஒரு தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. நூறு வருடத்தில் 1,50,000 கிளிகளைக் கொன்றார்கள். 1986-ல்தான் முழுப் பாதுகாப்பு வந்தது. இன்றைக்குத் தேடித்தான் கியாவைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வயலில்

எங்கள் வீட்டுக்கு ஒன்றேகால் ஏக்கர். முக்கால் ஏக்கர் மானாவாரி ராகி, மீதியில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வாங்கித் தக்காளி. தக்காளி ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும். கூடை என்ன விலை போகும் என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டியது நான்தான் முதல். அதனால் மருந்து டப்பாவில் எழுதியிருப்பதிலிருந்து மாரியம்மன் கோயில் நோட்டீஸ் வரைக்கும் "படிச்சவன் நீ சொல்லு" என்று என்னிடம் வந்துவிடும்.

போன வருடம் நடவு முடிந்த வாரம் மயில் கூட்டம் இறங்கியது. நாற்றில் கால்வாசி போயிற்று. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், யாரோ சொன்ன யோசனையில், குருணை மருந்தை ராகியில் பிசைந்து வரப்பில் வைத்தார். மறுநாள் விடிந்தபோது இரண்டு பெட்டை மயில் செத்துக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி மைனாக்கள். எங்கள் வாசலில் அவ்வாவின் கோழிகளில் ஐந்து. அந்தக் கோழிகளின் முட்டைக் காசில்தான் எனக்கு டிராயிங் ஷீட்டும் ரெக்கார்டு நோட்டும் வந்துகொண்டிருந்தன. அவ்வா யாரையும் திட்டவில்லை. குழி தோண்டி ஆழமாகப் புதைக்கச் சொன்னார், நாய் தோண்டித் தின்றால் அதுவும் சாகும் என்று.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2018 ஆகஸ்டில் மதுரைப் பக்கம் 40-க்கும் மேற்பட்ட மயில்கள் விஷம் கலந்த நெல்லைத் தின்று ஒரே இடத்தில் செத்துக் கிடந்ததைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். மயில் 1963 முதல் தேசியப் பறவை. சட்டத்தில் புலி, யானை இருக்கிற முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை.

அடுத்த வாரம் மயில் மறுபடி வந்தது. அப்பா அதே குருணை மருந்துப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன், புழுவைச் சொன்னேன், எலியைச் சொன்னேன். அப்பா பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "மயிலு புழு திங்குதுன்னு புக்ல போட்டிருக்குடா, சரி. எத்தனை புழுவுக்கு எத்தனை நாத்துன்னு போட்டிருக்கா?"

சத்தியமாய் நல்ல கேள்வி. இதே கேள்வியைக் கேட்டுத்தான் 1912-ல் மேசன், லெஃப்ராய் என்ற இருவர், பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 'இந்தியப் பறவைகளின் உணவு' என்று ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். பறவைகளின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த தானியம், பூச்சி எல்லாவற்றையும் எண்ணி, பூச்சியிலும் பயிரைக் கெடுக்கிற பூச்சி எது, நன்மை செய்கிற பூச்சி எது என்று பிரித்தார்கள். இது நியாயமான கணக்கு. ஏனென்றால் பூச்சி தின்கிற பறவை எல்லாம் விவசாயிக்கு நண்பன் என்று சும்மா சொல்லிவிட முடியாது. புழுவைத் தின்கிற சிலந்தியையும் தவளையையும்கூட அதே பறவை தின்னும். மயிலும் அப்படித்தான். அது எங்களுக்கு லாபம் என்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தக்காளி நாற்றுக்கு அது நஷ்டம்தான். ராகி வயலில் எப்படி என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் எண்ணிப் பார்க்காமல் ஒழித்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கணக்கு உலகத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

ஒன்று சீனா. 1958-ல் நான்கு எதிரிகளை ஒழிப்போம் என்று எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் பட்டியலில் சேர்த்தார்கள், தானியம் தின்கிறது என்பதற்காக. ஊரே சேர்ந்து தட்டு தட்டி உட்காரவிடாமல் துரத்தித் துரத்தி, களைத்து விழுகிற வரை விடவில்லை. குருவி போன பிறகு பூச்சி பெருகியது. பறவை அறிஞர்கள் குருவியின் வயிற்றைத் திறந்து காட்டிய பிறகு 1960-ல் குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைப் பட்டியலில் போட்டார்கள். அந்த வருடங்களில் அங்கே பெரும் பஞ்சம். அதற்குக் காரணங்கள் பல, அதில் இதுவும் ஒன்று.

இன்னொன்று இங்கிலாந்து. அங்கே இருக்கும் சாம்பல் கௌதாரி, நம் கௌதாரிக்குச் சொந்தம். 1967-ல் இருந்த எண்ணிக்கையில் இன்று பத்தில் ஒரு பங்குகூட இல்லை. யாரும் விஷம் வைக்கவில்லை. அப்புறம் ஏன்? சசெக்ஸ் என்ற பகுதியில் டிக் பாட்ஸ் என்பவர் 1968-ல் ஆரம்பித்த ஆராய்ச்சியில் பதில் கிடைத்தது. கோதுமை வயலில் களைக்கொல்லி அடித்தார்கள். களை போயிற்று. களையில் இருந்த பூச்சி போயிற்று. பெரிய கௌதாரிக்குக் கோதுமை இருந்தது. குஞ்சுக்குப் பூச்சி இல்லை. கூடு இருந்தது, முட்டை பொரிந்தது, குஞ்சுதான் இரண்டு வாரம் தாண்டவில்லை. கறி கிடைக்காமல் செத்தது என்று சொன்னால் தப்பில்லை. பிறகு 1980-களில் ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். வயலின் ஓரத்தில் 6 மீட்டர் அகலத்துக்கு மட்டும் மருந்தைப் பெரும்பாலும் தவிர்ப்பது. அதைச் செய்த வயல்களில் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன.

இதைக் கேட்டு அப்பா சிரித்தார். "அது நம்ம அக்கடி சாலுடா" என்றார். நம் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராகி விதைக்கும்போது சில சாலுக்கு ஒரு சால் இடைவெளி விட்டு அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு என்று கலந்து விதைப்பது அக்கடி சாலு. கன்னடப் பக்கத்து வழக்கம், நம் பக்கமும் அதேதான். தாத்தா கௌதாரிக்காக அதை விதைக்கவில்லை. ராகி ஏமாற்றினாலும் குழம்புக்கு அவரை கிடைக்கட்டும் என்று விதைத்தார். ஆனால் அவரையில் பூ இருக்கும், பூவில் பூச்சி இருக்கும், பூச்சிக்குக் கௌதாரி வரும். தக்காளி வந்த பிறகு மருந்து டிரம் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. அதிலும் மோனோகுரோட்டோபாஸ். காய்கறியில் அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை போட்ட மருந்து. அர்ஜென்டினாவில் 1995-96 சீசனில் வெட்டுக்கிளிக்காக அதை அடித்தார்கள். அங்கே குளிர்காலத்துக்கு வந்திருந்த ஸ்வைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. பருந்து ஏன் சாக வேண்டும்? அந்தப் பருந்து அந்த சீசனில் தின்பது வெட்டுக்கிளி! தானியப் பறவை கறி தின்பது எவ்வளவு ஆச்சரியமோ, அவ்வளவு ஆச்சரியம் பெரிய பருந்து பூச்சியில் வயிறு வளர்ப்பதும்.

குருணைப் பாக்கெட் இரண்டு நாள் திண்ணையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அப்பா அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். காசுக்குப் பதில் வெங்காய விதை கொடுத்தார்களாம். நான் சொன்னதாலா, அவ்வா அந்த ஐந்து கோழியின் கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாலா என்று நான் கேட்கவில்லை.

மயில் வருவது நிற்கவில்லை. ஆகவே மெக்கானிக்கல் வேலையில் இறங்கினேன். பழைய சைக்கிள் ஹப், பெயின்ட் டப்பா, வாட்டர் பாட்டிலை வெட்டின இறக்கை, கம்பியில் தொங்கும் நட்டு. காற்றில் சுழன்று தகரத்தை அடிக்கும். ஆடிக் காற்றில் அரை மைலுக்குச் சத்தம். மூன்று நாள் மயில் வரவில்லை. ஐந்தாம் நாள் அதன் நிழலில் நின்றுகொண்டு இறகு கோதியது! அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி வைக்கிறோம், அப்படிச் செய்தால் கொஞ்சம் பயம் இருக்கிறது. நாற்றுக்கு முதல் மூன்று வாரம்தான் ஆபத்து. அதற்கு மட்டும் பழைய கொசுவலைகளைத் தைத்துப் பாத்தி மேல் கட்டினோம். அது நன்றாக வேலை செய்தது. செலவு நூலும் அம்மாவின் இரண்டு ராத்திரியும். சத்தத்தின் வேகமும் இடைவெளியும் தானாகவே மாறுகிற மாதிரி அந்தக் காற்றாடியை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். ஒரே தாளத்தில் அடித்தால்தான் மயில் பழகிவிடுகிறது. எலக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்கள் யாராவது யோசனை இருந்தால் சொல்லுங்கள், பேட்டரி இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த வருடம் ராகியில் ஆறு அக்கடி சால் விட்டிருக்கிறோம். தக்காளிக்கு மருந்து அடிப்பேன், இந்த ஆறு சாலில் அடிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கிழக்கு வரப்பில் இரண்டு ஜோடி கௌதாரி விடிகாலையில் கத்துகிறது. தரையில்தான் முட்டை வைக்கும், ஆறிலிருந்து எட்டு வரை. செமஸ்டர் லீவில் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்காரப் போகிறேன், எத்தனை குஞ்சு மூன்றாவது வாரம் தாண்டுகிறது என்று எண்ண.